நேருக்கும் ஷஃபிளுக்கும் நடுவே: ஒரு குழுவின் நாட்குறிப்பு

ஜூன் 3

டிரம் அடிக்கிற அங்கிளின் வலது தோள் இன்னும் ஏறவில்லை. கை காது உயரத்துக்குப் போனாலே முகம் சுளிக்கிறது. தாளத்தை ஓட்டுகிற ரைடு சிம்பலோ பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் காலத்து உயரத்திலேயே நிற்கிறது. அதை ஒரு சாண் இறக்கி, ஸ்நேர் டிரம் பக்கமாக இழுத்துவிட வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகாமலே குச்சி நுனி சிம்பலைத் தொட வேண்டும். அடிப்பது மணிக்கட்டும் விரலும் மட்டும்.

ஜூன் 4

இறக்கியாயிற்று. முதலில் முனகினார். அப்புறம் நிறுத்தாமல் அடித்தார்.

ஜூன் 6

இன்று பதிவு செய்ததைக் கணினியில் போட்டு அளந்தேன். வேகம் நிமிடத்துக்கு 160 தட்டு. ஒரு தட்டுக்கு 375 மில்லிசெகண்ட். அதை நேராக இரண்டாகப் பிரித்தால் 187.5, 187.5. முழு ஷஃபிளாக, அதாவது முதல் பாதியை நீட்டி அடுத்ததைக் குறுக்கிப் பிரித்தால் 250, 125. பாப்பாவின் கிட்டார் 187-ஐ விட்டு அசையவில்லை. கிளிக் (மெட்ரோனோம்) வைத்துச் சாதகம் செய்த கை. அங்கிளின் ரைடில் இரண்டாவது அடி 215-க்குப் பக்கத்தில் விழுகிறது. நேரும் இல்லை, ஷஃபிளும் இல்லை. ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளில் கேட்கிற அந்தச் சாய்வு இதுதான்: டிரம் ஸ்விங்கில் இருந்து வருகிறது, கிட்டார் நேராக ஓடுகிறது, இரண்டும் உரசுகிற இடத்தில் பாட்டு முன்னே தள்ளப்படுகிறது. லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் நேராக ஓடியதால்தான் தானும் ஷஃபிளை விட்டு நேராக அடிக்க ஆரம்பித்ததாக அவருக்கு டிரம் அடித்த ஏர்ல் பால்மர் சொல்லியிருக்கிறார். அந்த மாற்றம் முழுசாக நடந்து முடிவதற்கு முந்தைய சில வருடங்கள் அங்கிளின் மணிக்கட்டில் இருக்கின்றன.

பாப்பா அவரோடு சேர முயன்று சாய்த்தால் நேரே 250-க்குப் போய்விடுகிறாள். பாட்டு நொண்டுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் நேராகவே அடிக்கட்டும். எல்லாம் கீழ்வீச்சு, உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் மேல் லேசாக, ஐந்தாவது சுரத்துக்கும் ஆறாவதுக்கும் சுண்டுவிரல் போய் வர வேண்டும். 160-இல் நிமிடத்துக்கு 320 வீச்சு. பிக்கை இறுக்கிப் பிடித்தால் இரண்டாவது பாட்டிலேயே முன்கை கட்டிக்கொள்ளும்.

பேஸ் கிட்டார் நடு எட்டுகளை, அதாவது தட்டுக்கு நடுவே விழும் அரைத்தட்டுகளைத் தொடவே கூடாது. நாலு தட்டு, நாலு சுரம், அவ்வளவுதான். தட்டின் தலை எல்லோருக்கும் ஒன்றாக விழுந்தால், இடையில் இருக்கும் 28 மில்லிசெகண்ட் வித்தியாசம் பிழையாகக் கேட்காது. தலை சிதறினால்தான் அது பிழை.

ஜூன் 9

பாடுகிற மாஸ்டருக்கு மைக்கில் உதடு பட்டதும் ஷாக். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே பார்த்தால் 70 வோல்ட். கிட்டார் ஆம்ப் ஒரு சுவர் பிளக்கில், மைக் போகும் ஒலி மிக்சர் இன்னொன்றில். ஆம்ப் செருகியிருந்த சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனையில் கம்பியே இல்லை.

எர்த் கம்பியை இழுத்து மாட்டச் சொல்லி, ஆம்ப், மிக்சர், கீபோர்டு மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது 1 வோல்ட்டுக்குக் கீழே. பின்கட்டில் இருக்கும் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. உப்பும் கரியும் போட்டு வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டிய குழி அது. ஹம் என்கிற இரைச்சல் போகிறதென்று எவனாவது எர்த் பின்னை வெட்டினால் அவன் இந்த அறைக்குள் வரக்கூடாது. ஹம் வந்தால், கிட்டாரை மிக்சருக்கு இணைக்கும் டிஐ பாக்ஸில் ஒலிக் கம்பியின் எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறது. பவர் கம்பியில் கை வைக்கக்கூடாது.

ஜூன் 10

குழிக்கு இரண்டு குடம் ஊற்றினேன்.

ஜூன் 12

மாஸ்டருக்கு ஆறரைக் கட்டை எட்டவில்லை. அரைக் கட்டை இறக்கினால் போதும் என்கிறார். ஆறு கட்டை கிட்டாருக்குச் சுகம், டெனர் சாக்ஸுக்கு நரகம்: தம்பி ஐந்து ஷார்ப்போடு பி-யில் வாசிக்க வேண்டும். ஐந்தரைக்குப் போனால் அவனுக்கு பி ஃப்ளாட், இரண்டே ஃப்ளாட். மாஸ்டர் தொண்டைக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிட்டாரும் பேஸும் எல்லாக் கம்பியையும் அரைக் கட்டை தளர்த்தி, ஏ வடிவத்திலேயே பிடித்தால் திறந்த கம்பியும் கைவிட்டுப் போகாது.

தளர்த்தினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். 10 கேஜ் (பருமன்) கம்பி கொழகொழவென்று ஆகி, ஓங்கி அடித்தால் சுருதி மேலே போய் வருகிறது. 11 போட்டால் பழைய விறைப்பைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். கிட்டார் கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட் பள்ளத்தில் கம்பி சிக்கினால் பென்சில் கரியைத் தடவ வேண்டும். கழுத்து வளைவை மறுநாள் பார்த்துத்தான், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடில் கை வைக்க வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

ஜூன் 14

சிம்பல் பக்கத்தில் 100 டெசிபல் தொடுகிறது. 85 என்றால் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்கு 15 நிமிடம். தம்பிக்கும் பாப்பாவுக்கும் காதடைப்பான் கட்டாயம், பஞ்சு அல்ல, இசைக்காரர்களுக்கென்று வருகிற வகை. பஞ்சு மேல் ஸ்தாயியை மட்டும் விழுங்கிவிடும், அப்புறம் ஆம்பில் டிரெபிளைத் திருப்புவார்கள்.

மாஸ்டருக்கு மேல் ஸ்தாயி ஏற்கெனவே போய்விட்டது. பாட்டு வார்த்தை கேட்கவில்லை, டிரெபிள் ஏற்று என்கிறார். ஏற்றினால் மற்றவர்கள் காதைக் கிழிக்கும். அவருடைய மானிட்டர் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டூலில், காது மட்டத்தில் வைத்தேன். கிட்டார் ஆம்பும் நாற்காலிக்கு ஏறியது. இவ்வளவு நாளும் அது பாப்பாவின் முழங்காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. தன் சத்தம் தன் காதில் விழுந்ததும் அவளே வால்யூமை இறக்கிவிட்டாள்.

ஜூன் 15

அங்கிளுக்குச் சுகர் 240. ஒத்திகை இல்லை.

ஜூன் 18

அங்கிள் இடது கையால் ரைடு முயன்றார். தட்டு சரி, தாளம் சரி, அந்தச் சாய்வு மட்டும் இல்லை. நேராக விழுகிறது. இத்தனை வருடமும் அது வலது கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜூன் 19

தூக்கம் வரவில்லை. 1952 டிசம்பர் 31 நினைவுக்கு வருகிறது. செயின்ட் லூயிஸ் பக்கம் பியானோக்காரர் ஜானி ஜான்சனின் மூவர் குழுவில் சாக்ஸ்காரர் நோயில் விழ, அன்றைய கச்சேரிக்கு மாற்றாள் என்று கூப்பிடப்பட்டவர் கிட்டார்க்காரர் சக் பெரி. பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். அந்தச் சாக்ஸ்காரர் எப்படி வாசித்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அங்கிளின் ரைடைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தோளில் ஊசி போடுவதற்கு முன்னால்.

ஜூன் 21

சின்னவனை அங்கிளின் வலப்பக்கம் உட்கார வைத்தோம். மிருதங்கம் படித்த பிள்ளை. திஸ்ரம் (மூன்றாகப் பிரிப்பது) என்றால் கத்தி மாதிரி திஸ்ரம்: தகிடவில் நடுவெழுத்தை விழுங்கி த-ட, த-ட என்று 250, 125 அச்சாக வருகிறது. சதுஸ்ரம் (நான்காகப் பிரிப்பது) கேட்டால் 187. நடுவில் ஒன்றும் இல்லை. அதற்குச் சொல்லும் இல்லை.

“எண்ணாத கண்ணு. பாப்பாவோட கிட்டார கேளு, அதுக்குக் கொஞ்சம் லேட்டா சாஞ்சு வா” என்றார் அங்கிள். வாயால் ஹம் செய்துகொண்டே அடிக்கச் சொன்னார். சின்னவன் பார்வை முழுக்க அவர் குச்சி மேல். கூர்ந்து பார்த்தால் குச்சியின் இரண்டாவது அடி தனி அடி இல்லை. முதல் அடியின் துள்ளலை நடுவிரலால் பிடித்து விடுகிறார். பிடி எவ்வளவு தளர்வோ அவ்வளவு தாமதம். சின்னவன் குச்சியை இரண்டு அங்குலம் பின்தள்ளிப் பிடித்ததும் ஏதோ வந்தது. ஒரு சுற்று, நாலு தட்டு கொண்ட 12 பார். அப்புறம் போய்விட்டது.

ஜூன் 22

பதிவு முடிந்தது. ரைடுக்கு ஒரு அடி மேலே ஒரு மைக், ஸ்நேருக்கு ஒன்று, கிக் டிரம்முக்கு ஒன்று, கிளிக் கிடையாது. பாப்பா நேரடி லைனில். 144, 152, 160, 168. வேகம் ஏற ஏற அவர் கையும் நேர் பக்கமாக நகர்வது அளவில் தெரிகிறது. அப்படியானால் சின்னவனுக்கு ஒரே சாய்வைச் சொல்லிக்கொடுத்தால் தப்பு. ஒவ்வொரு வேகத்துக்கும் தனியாகப் பிடிக்க வேண்டும்.

ஜூன் 24

தோளில் ஸ்டீராய்டு ஊசி. சில நாள் சுகர் ஏறும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 310.

ஜூன் 25

குழிக்குத் தண்ணீர். மீட்டரில் 0.8.

ஜூன் 27

சின்னவன் 144-ஐப் பிடித்துவிட்டான். 160-இல் பாதிப் பாட்டு நிற்கிறது. பாட்டு நடுவே குழு நிறுத்துகிற பிரேக் முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் திஸ்ரத்துக்கு ஓடுகிறான். பிரேக்கின் அந்த இரண்டு பாரிலும் பாப்பா நிறுத்தாமல் கம்பியை அமுக்கியபடி எட்டுகளை ஓட்டினால் அவனுக்குப் பிடிமானம் கிடைக்கும். நாளை அப்படிப் பார்க்க வேண்டும். அங்கிள் போன் செய்தார். 11 மணிக்கு வருகிறாராம், அடிக்க மாட்டாராம், கேட்க மட்டும். 11 கேஜ் கம்பி இன்னொரு செட் வாங்க வேண்டும்.