ஆற வைத்த சோறு

ஏப்ரல் 26

பாப்பாவுக்குத் தலை வாரும்போது சிக்கு இழுத்துவிட்டது. அழுதாள். அழுகை ஓய்ந்ததும் இடது கை மடியில் அப்படியே கிடந்தது. "அம்மா, கை தூங்குது" என்றாள். வாயும் லேசாகக் கோணியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நிமிடம். அப்புறம் அதே கையால் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நாளையிலிருந்து எண்ணெய் நிறைய வைத்து, நுனியிலிருந்துதான் சிக்கெடுக்க வேண்டும்.

ஏப்ரல் 27

தண்ணீர் ஏழு டம்ளர். அழவில்லை.

ஏப்ரல் 30

சென்னை. தொடை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் பெரிய ரத்தக்குழாய்கள், மண்டைக்குள் போய்க் கிளை பிரியும் இடத்தில் பென்சில் முனை மாதிரி ஒடுங்கிக் கிடக்கின்றன. இரண்டு பக்கமும். அதைச் சுற்றி ஊதுபத்திப் புகை போல மங்கலாக ஏதோ படர்ந்திருந்தது. பெரிய வழி அடைபட்டதால் உடம்பு தானாக வெட்டிக்கொண்ட சின்னச் சின்ன வாய்க்கால்களாம். 1969-இல் சுசுகி, தகாகு என்று இரண்டு ஜப்பானிய டாக்டர்கள் அந்தப் புகையைப் பார்த்துத்தான் இந்த நோய்க்கு மொயமொய என்று பெயர் வைத்தார்களாம். அவர்கள் மொழியில் புகை மாதிரி மங்கலானது என்று அர்த்தமாம்.

ஆறு கட்டங்களில் பாப்பாவுக்கு மூன்றாவது. புகை அடர்த்தியாக இருக்கும் கட்டம். இதற்கு மேல் புகை குறையும் என்றார். குறைந்தால் நல்லதுதானே என்று கேட்டுவிட்டேன். இல்லை, அந்த வாய்க்கால்களும் வற்றுகின்றன என்று அர்த்தமாம்.

ஆச்சிக்குப் போன் செய்தேன். "மொய்யா?" என்றாள். ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பச் சொன்னேன். எனக்கும் ராத்திரி முழுக்க எறும்பு மொய்ப்பதுதான் கண்ணில் நின்றது.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே பவர் கட். உடம்பில் நீர் வற்றினால் மூளைக்கு ரத்தம் போவதும் குறையும். எட்டு டம்ளர். இளநீர் தனி.

மே 9

அந்தக் காகிதக் காற்றாடி.

ஜனவரியில் முதன்முதலாகக் காட்டிய இடத்தில், "பள்ளிக்கூடம் போக மனசில்லாமல் நடிக்குதும்மா" என்றார்கள். நான் விடவில்லை என்பதற்காக, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எழுதிக் கொடுத்தார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டி, கையில் சிவப்புக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொன்னார்கள். களைத்துப்போய் நிறுத்தினாள். "இன்னும் ஊது பாப்பா, இன்னும், என் தங்கம்ல" என்று சொன்னது நான். காற்றாடி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் கொடுத்தேன்.

வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்க்கு அது போதும். அழுவதும் அதேதான். சூடான சோற்றை ஊதுவதும் அதேதான். ஜப்பானில் பிள்ளைகள் கொதிக்கும் நூடுல்ஸை ஊதும்போது கை சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கம் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன். தேதி சொல்ல முடியாது என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் காற்றாடி சுற்றுகிறது.

மே 10

ரசம் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைக்கிறேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுகிறேன்.

மே 13

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று ஆச்சி பேச்சுவாக்கில் சொன்னாள். சொன்னதும் அவளே வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவனிடம் தாயத்தில் தோற்கச் சொல்லியிருந்தேன். நாலு நாளாகத் தோற்கிறான். இன்றைக்குக் கிணற்றடியில் வந்து, "எப்பவுமே நான் தோக்கணுமாம்மா?" என்று கேட்டான். ஒன்பது வயது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை.

மே 16

"பக்கவாதம் வயசானவங்களுக்குத்தானே வரும்?" இதோடு பதினோராவது ஆள்.

மே 21

அட்மிஷன். பட்டினி போட வேண்டும் என்பதால் இன்று இரவே டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், நீர் குறையக் கூடாதென்று. ஊசி குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகிற களிம்பு தடவினார்கள். அழவில்லை. நர்ஸம்மாவைக் கும்பிடத் தோன்றியது.

காதுக்கு முன்னால் ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை நகர்த்தினார்கள். துணி அலசுவது போல உஷ், உஷ் என்று சத்தம். தலைத்தோலில் ஓடும் ரத்தக்குழாய். சத்தம் போன வழியெல்லாம் மையால் கோடு போட்டார்கள். அந்தக் குழாயை அறுக்காமல் பிரித்து, எலும்பைத் திறந்து, மூளையின் மேல் படிய வைத்துத் தைப்பார்கள். அதிலிருந்து புதுக் குழாய்கள் முளைத்து உள்ளே இறங்க வேண்டும். நாற்று வேர் பிடிப்பது போல. மூன்று நாலு மாதமாவது ஆகும். நாளைக்கு வலது பக்கம் மட்டும்.

"இது என்னம்மா சத்தம்?" என்றாள். உன் ரத்தம் ஓடுற சத்தம் என்றேன். இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்.

மே 22

ஏழரைக்கு உள்ளே போனாள். இப்போது மணி ஒன்றே முக்கால்.

மே 23

இடது கை விரலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினாள்.

மே 29

கோடு போட்ட இடத்தில் மட்டும் முடி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் எதுவும் அழுத்தக் கூடாது. ரிப்பன், ஹேர்பேண்ட், கண்ணாடிக் கம்பி, எதுவும். தூங்கும்போது புரண்டு அந்தப் பக்கம் படுத்துவிடுவாளோ என்று முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 3

கை மறுபடியும் தூங்கிவிட்டது. நாலு நிமிடம். ஆபரேஷன் ஆனாலும் வேர் பிடிக்கும் வரை வரத்தான் செய்யுமாம். தெரிந்தும் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நான் அழலாம்.

ஜூன் 9

ஆஸ்பிரின் சாப்பாட்டுக்குப் பின். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அண்ணனின் புதுப் புத்தக வாசனையைப் போனில் கேட்கிறாள், அவனும் "நல்லா இருக்கு பாப்பா" என்று மோந்து சொல்கிறான்.

ஜூன் 11

இடது பக்கத்துக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 18. அது பேச்சு இருக்கும் பக்கம். வலது பக்கத்துக்கு இவ்வளவு பயப்படவில்லை.

ஜூன் 12

தண்ணீர் ஐந்துதான் ஆகியிருக்கிறது. வெயிலில் ஸ்கேனுக்குப் போய் வந்த களைப்பு, எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். இன்னும் மூன்று டம்ளர் பாக்கி. எழுப்பினால் சிணுங்குவாள். எழுப்பாவிட்டால்