கோயிலுக்குப் போனியா?

"மனசு சரியில்ல மிஸ்." கவுன்சலரான என் அறையிலிருந்து எழுந்து போகும்போதுதான் அந்தப் பையன் இதைச் சொன்னான். ஒரு கால் வாசலைத் தாண்டியிருந்தது. "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்டேன். "போனேன் மிஸ்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான், 2022இல். இன்னும் என்னை விடவில்லை.

அவன் நிரப்பிய டாஸ்-21 என்ற மனநலக் கேள்விப் படிவம் என் முன்னால் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம், மனஉளைச்சல், ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்விகள். கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். மனச்சோர்வில் அவனுக்கு 8. ஒன்பது வரை இயல்பு நிலை. படிவத்தை நம்பினேன், அதில் என்ன தப்பு என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டும். மலேசியாவில் 2020 மார்ச் 18இல் தொடங்கிய கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு அவன் கழித்த இரண்டு வருடம் அதில் எங்கே இருக்கிறது? லயத்து வீட்டு அடுப்படியில், தம்பியின் வகுப்பு முடிந்த பிறகு கைக்கு வரும் ஒரே கைப்பேசியில் படிப்பு. லைன் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டைத் தாண்டி பாடாங் செராய் பெரிய ரோட்டுக்கு வர வேண்டும். இதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

படிவம் மலாயில் இருந்தது. அதில் மனம் சோர்ந்திருப்பதற்கு 'முருங்' என்று ஒரு சொல் வரும். நம் வீட்டில் யார் அப்படிச் சொல்கிறோம்? மனசு சரியில்லை என்போம், எல்லாம் அதற்குள் அடக்கம். படிவத்துக்கு அவன் தந்த உண்மையான பதில் வாசலில் நின்று சொன்னதுதானோ என்னவோ.

கோயிலைப் பற்றிக் கேட்டது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நம்மவர்களில் பலர் கவுன்சலரிடம் வருமுன் முனீஸ்வரர் முன்னால்தான் நிற்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் கேட்பார். ஆனால் அம்மா கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவார்.

அதே காலையில் ஒரு மலாய்ப் பெண் 'ஹாத்தி தாக் தெனாங்', மனசு அமைதியாக இல்லை, என்றாள். எப்போதிலிருந்து, இரவிலா பகலிலா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தலைவலி, தூக்கமில்லை என்று மட்டும் சொன்ன சீனப் பையனுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தேன். அவர்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, அதனால் கவனமாக இருந்தேன். இவன் நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். நம்ம பிள்ளை, தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

உயிரை விடலாம் என்று தோன்றியதா என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. தற்கொலை முயற்சி அப்போது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் குற்றம், 2023இல்தான் நீக்கினார்கள். கேட்டால் பயந்துவிடுவான் என்று தயங்கினேன் எனலாம். அது உண்மையில்லை. எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. மணி பன்னிரண்டரை, வெளியே இன்னும் நான்கு பேர்.

அப்புறம் அவன் படிப்பை நிறுத்திவிட்டு கூலிம் ஃபேக்டரியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். குடும்பக் கஷ்டமாக இருக்கலாம், என்னால் இல்லாமலும் இருக்கலாம். போன மாதம் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், பார்த்தேன். "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்று அவனே வந்து கேட்டான். மனசு எப்படிப்பா இருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டேன்பா. நீ?" என்றேன்.