தனுஷ்கோடிக்கு ஒரே ஒரு டிக்கெட்

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரை முதலில் திட்டித் தீர்த்தால்தான் மற்றது வரும்.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "போக வர ஆயிரம் ரூபாய்மா, வேற வண்டியே கிடையாது" என்றார். மதுரையிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல், மூடாத ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அலுப்பு. சரி என்று ஏறிவிட்டேன். தனுஷ்கோடியில் ரோடு முடிகிற அரிச்சல்முனையில் போய் இறங்கினால், அரசு டவுன் பஸ் ஒன்று ஹாயாக நிற்கிறது!

அவள் இருந்திருந்தால் அறுநூறுக்குப் பேசியிருப்பாள், இல்லை பஸ்ஸையே தேடிப் பிடித்திருப்பாள். பேரம், ரூட், ரூம் எல்லாம் அவள் பாடு. ஒன்பது வருஷமாக நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள். தனுஷ்கோடியும் அவள் போட்ட பட்டியலில் இருந்ததுதான். போன வருஷம் அவள் போய்விட்டாள்.

1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்ததும், பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோனதும் எல்லோரும் கேட்ட கதை. அதற்கு முன்பு போட் மெயில் ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்களாம். 2017இல் தார் ரோடு வந்தபிறகு முனை வரைக்கும் வண்டி போகிறது. இடது பக்கம் சத்தமே இல்லாத பெண் கடல், வலது பக்கம் அறைகிற ஆண் கடல். கூரையில்லாத சர்ச் சுவரடியில் செல்ஃபி கூட்டம். அங்கே அழுதுவிடுவேன் என்று பயந்திருந்தேன். வெயில்தான் தாங்கவில்லை.

அழுகை வந்தது மீன் கடையில். ஓலைக் கொட்டகையில் ஒரு அக்கா, "என்ன மீன்மா போடட்டும்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவள் சொல்வதுதானே என் தட்டுக்கும் வரும்? எனக்கு எந்த மீன் பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை, முப்பத்திநாலு வயசில்! அக்கா என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பாறை மீனில் ஒரு துண்டு பொரித்து வைத்தார். ஓரமெல்லாம் மசாலா மொறுமொறு, உள்ளே வெள்ளை வெளேர். இன்னொன்று வாங்கினேன். அப்புறம் ஒரு தட்டு நெத்திலி. பட்ஜெட் அங்கேயே காலி. நெத்திலி எனக்குச் சரிப்படாது, இனி பாறைதான் என் கட்சி.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், சாயங்காலத்துக்கு மேல் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். பஸ்ஸில் போங்கள்.

ராத்திரி ரூமில் கணக்கு எழுதும்போது, பழக்க தோஷம், ஆட்டோ காசைப் பாதியாக்கி அவள் பெயருக்குக் கீழே ஐநூறு போட்டுவிட்டேன். அதை அடித்துத் திருத்தவில்லை. பேரம் பேச வராத தண்டத்தில் அவளுக்கும் பங்கு இருக்கட்டும். மீன் காசு மட்டும் முழுசாக என் பக்கம்.