த தி தொம் நம்: கொள்ளுப்பிட்டியில் ஒரு படிக்கட்டு

கொழும்பில் மச்சான் செய்த, கால் வைத்தால் மிருதங்கம் கேட்கும் படிக்கட்டைப் பார்க்க எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு முடியும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஓட்டோக்காரரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ். ஏசியில் விறைத்துப்போய் விடியப்புறம் கோட்டையில் இறங்கினேன். கொள்ளுப்பிட்டி என்ன, ஒரு மூன்று கிலோமீட்டர் வருமா? கேட்டது 1500 ரூபாய். மீட்டர் இருக்கிறதே என்றேன். "அது வேலை செய்யாது தம்பி" என்றபடி மீட்டரின் மேல் தொங்கிய துவாயை இன்னும் கீழே இழுத்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் 1000 ரூபாய்க்குப் பேரம்பேசி ஏறிவிட்டேன். காலி வீதியில் 100, 101 பஸ் வரிசையாகப் போகிறது. மடையன் நான்.

சரி, படிக்கட்டு. மச்சான் வேலை செய்யும் கட்டிடத்தில், நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. நாம் அசைந்தால் அதில் மீன்கள் விலகி ஓடவேண்டுமாம். கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன், ஒரு மீனும் மசியவில்லை. காவலாளி பார்த்துவிட்டு, "அது கிழமைக்கு ஒருக்கால் படுத்திடும்" என்றார். அதற்குக் கொட்டிய காசை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

மச்சானும் நண்பர்களும் செய்தது பக்கத்துப் படிக்கட்டில். ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் அதை வாங்கும் சென்சார். கால் நடுவில் வந்து ஒளியை மறித்தால் சத்தம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய சாமான்கள், எல்லாவற்றையும் இயக்க அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, பழைய ஸ்பீக்கர். முதல் நாலு படியும் மிருதங்கம்: த, தி, தொம், நம். இறங்கும்போது தலைகீழாக நம், தொம், தி, த.

2009-இல் ஸ்டொக்ஹோமின் ஓடன்பிளான் மெட்ரோ நிலையத்தில் படிகளைப் பியானோக் கட்டைகளாக்கியதைப் பார்த்து வந்த ஆசையாம். வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகமானோர் படியில் ஏறினார்கள் என்றது, அதை விளம்பரத்துக்காகச் செய்த வோக்ஸ்வேகன் கார் நிறுவனம். விளம்பரம் செய்தவனே சொன்ன கணக்கு, அரைவாசி நம்பலாம்.

ஆனால் இங்கே கண்ணால் பார்த்தேன். சேலை கட்டிய ஓர் அக்கா கோப்புகளோடு ஏறினார். கால் மேற்படிக்குப் போனபின் முந்தானை கீழ்ப்படி ஒளியை இன்னொருமுறை மறித்தது. தத, திதி, தொம்தொம்! நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே ஒரு படி இறங்கி ஏறினார். "அதைத் திருத்தவேண்டும்" என்றான் மச்சான். தொட்டால் கொன்றுவிடுவேன் என்றேன்.

மாடி நடையில் இன்னொரு கூத்து. அங்கே விளக்கு போடுவது உடல்சூடு நகர்வதைக் கண்டுபிடிக்கும் சென்சார். நின்று கதைத்துக்கொண்டிருந்தோம், அசைவில்லை, பட்டென்று இருட்டு. இருவரும் பேய் ஓட்டுவதுபோலக் கை வீசினோம்.

அப்புறம் பகத்தலை வீதிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையில் கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு. நாலு சிறு வீடுகளை இணைத்தது. நீண்ட வெள்ளை நடை, செட்டிநாட்டுத் தூண்கள், இடையிடையே முற்றத்து வெயில். சென்சார் கிடையாது, ஆனாலும் கால் தானாக மெதுவானது.

வெள்ளவத்தையில் நண்டுக்கறியும் சோறும். அதற்குத் தனிப் பதிவே போடலாம், விரல் இன்னும் மணக்கிறது. லொட்ஜ் அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் பழுது, படியில் பல்ப்பும் இல்லை. த, தி என்று நானே சொல்லிக்கொண்டு ஏறினேன்.