ஆதாரில் கூடிப்போன ஓர் எழுத்தும் கைவிட்டுப் போன முதல் வேலையும்

போன வாரம்தான் முதல் சம்பளம் வந்தது, 12,500 ரூபாய். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் கழித்து வந்த பணம். சந்தோஷம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வேலை ஒன்று கைக்கு வந்து நழுவியதை இன்னும் மறக்க முடியவில்லை. என்னைப் போல நீலகிரியின் சேரம்பாடி, பந்தலூர், கூடலூர் பக்கத்திலிருந்து முதல் வேலைக்கு அலைகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் லைன் வீடு. தாத்தா இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறார். 2020இல் பிளஸ் டூ முடித்தவள் நான். கல்லூரி முதல் வருடப் பாடங்களைச் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் உட்கார்ந்து போனில்தான் படித்தேன். 2023இல் டிகிரி கையில் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் டிகிரியையும் சேர்த்துவிட்டேன், அது ஆன்லைனிலேயே முடிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு 2023இல் புதுப்பிக்கும் மாதம் வந்ததே தெரியாமல், சலுகைக் காலத்துக்குள் நினைவு வந்ததால் தப்பித்தேன். பதிவு எண்ணும் புதுப்பிக்கும் மாதமும் காலண்டர் அட்டையில் எழுதி இருக்கட்டும். டிகிரி படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பார்கள். அதற்குப் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், வருமான வரம்பும் இருக்கிறது. அதை நம்பி உட்கார முடியாது.

முதலில் ஊட்டியில் நடந்த ஒரு தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். காலை ஐந்தரை பஸ். தேவாலா தாண்டுவதற்குள் ரோட்டில் யானை. நாற்பது நிமிடம் பஸ் நகரவில்லை. டிரைவரைக் குறை சொல்ல முடியாது, யானையையும் சொல்ல முடியாது. கூடலூரில் பஸ் மாறி, நடுவட்டம், பைக்காரா ஏறி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கணக்கு வேலைக்கு ஆள் எடுத்த இரண்டு மேசைகளில் பேர் எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் திருப்பூர், கோவை, ஓசூர். ஒரு மேசையில் இருந்த அண்ணன் என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பீரியன்ஸ் இல்லையேம்மா" என்றார். "ஃபிரெஷர்னு தானே அண்ணா போர்டில் போட்டிருக்கு" என்றேன். "ஃபிரெஷர்தான், ஆனா ஆறு மாசமாவது எங்கயாவது இருந்திருக்கணும்" என்றார். திரும்பும்போது வீட்டுக்கு வர இரவு எட்டரை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போன பணம் அம்மாவுடையது.

முகாமுக்குப் போவதாக இருந்தால் முந்தின நாளே ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டிலோ தோழி வீட்டிலோ தங்கிவிடுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து முதல் பஸ் யானைக்கும் மழைக்கும் உட்பட்டது.

கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரியில் துணிக்கடை பில்லிங் வேலைக்கும் கேட்டுப் பார்த்தேன். ஊட்டியை விட அதுதான் எங்களுக்குப் பக்கம். மலையாளம் பேச வரும், எழுத வராது. அதோடு முடிந்தது.

அடுத்தது எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 2024 ஜனவரியில் கோவையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். வங்கியில் டேட்டா என்ட்ரி வேலை, உங்கள் ரெஸ்யூம் செலக்ட் ஆகியிருக்கிறது, நேரில் வந்து பதிவுக் கட்டணம் 2,500 கட்டினால் ஒரு வாரத்தில் ஆர்டர் என்றார். ஆபீஸ் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, என்னைப் போலப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் நம்பினேன். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது. கொடுத்த ரசீதில் "பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது, அப்புறம் போன் எடுக்கவில்லை. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். கேட்டால் அது வேலை இல்லை. இன்னொரு இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் "பாதுகாப்பாக" வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்குள் புத்தி வந்திருந்ததால் கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

அந்த ஜூன் 9ஆம் தேதி அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதினேன். அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். தமிழ்ப் பகுதி நன்றாகச் செய்தேன், கணக்கில் நேரம் போய்விட்டது.

ஜூலையில்தான் அந்த வேலை வந்தது. கோவையில் ஒரு கம்பெனி, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், ஹாஸ்டலோடு. போனில் இரண்டு சுற்று இன்டர்வியூ நன்றாகப் போனது. ஆபர் மெயில் வந்தது. சான்றிதழ், ஆதார், பான் எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். பான் அதுவரை எடுக்கவில்லை, மற்றதை அனுப்பினேன். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் கேட்டார்: "ஆதாரிலும் மார்க்‌ஷீட்டிலும் பெயர் வேறு வேறாக இருக்கிறதே?"

அதுவரை நான் கவனித்ததே இல்லை. மார்க்‌ஷீட்டில் என் பெயரும் அப்பாவின் இனிஷியலும். ஆதாரில் என் பெயரோடு அப்பாவின் முழுப்பெயர். அது பரவாயில்லை, இனிஷியலின் விரிவு என்று எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஆனால் என் பெயரிலேயே இங்கிலீஷில் ஓர் 'எச்' கூடுதலாக இருந்தது. சின்ன வயதில் பள்ளியில் முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது யாரோ தட்டச்சு செய்தது. பத்து வருடத்துக்கு மேலாக அந்த எழுத்தோடுதான் ரேஷன் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் வந்திருக்கின்றன. சரிசெய்து வாருங்கள், திங்கட்கிழமை வரை நேரம் என்றார் மேடம். அன்று புதன்கிழமை.

2024 ஜூலை மழை எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று கூடலூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஓடிபி வர மேட்டுக்கு ஏறிக் குடையோடு நிற்க வேண்டும். வியாழக்கிழமை ஆதார் மையத்துக்குப் போனேன். டோக்கன் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டோக்கன் கிடைத்தது. கவுன்டரில் இருந்தவர் மார்க்‌ஷீட்டைப் பார்த்தார்.

"இதுல இனிஷியல்தாம்மா இருக்கு. ஆதார்ல முழுப்பேரு இருக்கு. புரூஃப் ஒத்து வரல."

"எழுத்து ஒண்ணை மட்டும் எடுத்தா போதும் சார்."

"அப்படியெல்லாம் ஒண்ணை மட்டும் எடுக்க முடியாது. வேற புரூஃப் கொண்டா."

என்ன புரூஃப் என்று கேட்டேன். "நெட்ல பாரு" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் என் வேலை ஒருவேளை பிழைத்திருக்கும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை மேட்டில் நின்று கம்பெனிக்கு மெயில் போட்டேன், இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். அடுத்த பேட்சில் கூப்பிடுகிறோம் என்று பதில் வந்தது. கூப்பிடவில்லை.

அன்று இரவு அம்மா எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு, "அந்த எழுத்தை முதல்ல எடு பாப்பா. வேலை அப்புறம் வரும்" என்றார்.

அந்த 'வேற புரூஃப்' என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆதார் இணையதளத்திலேயே ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. அதில் நம் பெயர், முகவரி நிரப்பி, போட்டோ ஒட்டி, கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் அதுவே புரூஃப். கையெழுத்து வாங்கிய தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். நான் அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவரிடம் போனேன். ஓபி முடியும் வரை காத்திருந்தேன். என் மார்க்‌ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கில் 94ஆ?" என்று கேட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு கேள்விக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தாளோடு மூன்றாவது தடவை மையத்துக்குப் போனால், முத்திரை போட்டோ மேல் பாதியும் தாள் மேல் பாதியுமாக விழவில்லை, கையெழுத்தும் அப்படியே குறுக்காக வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இது படிவத்திலேயே எழுதியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. வாங்கும்போதே போட்டோவின் ஓரத்தில் குறுக்கே போடச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலும் இருக்கக்கூடாது. டாக்டரிடம் திரும்பப் போய்ப் புதுத் தாளில் வாங்கி, நான்காவது தடவை போனேன். அன்று கவுன்டரில் வேறு ஒரு அக்கா. தட்டச்சு செய்த பிறகு திரையை என் பக்கம் திருப்பி, "எழுத்து எழுத்தாப் படிச்சுப் பாரும்மா, அப்புறம் மாத்த கஷ்டம்" என்றார். பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அப்போது கட்டணம் 50 ரூபாய். பதினோரு நாளில் சரியாகிவிட்டது.

ஆதார் சரியானதும் வருமான வரித்துறை இணையதளத்தில் உடனடி இ-பான் எடுத்தேன். பத்து நிமிடம், காசு இல்லை. பிரவுசிங் சென்டரில் இதற்கு 300 ரூபாய் கேட்டிருந்தார்கள். ஆனால் ஆதாரில் இருக்கும் பெயர்தான் அப்படியே பானிலும் வரும், அதனால் ஆதாரைச் சரிசெய்யாமல் பானைத் தொடாதீர்கள். நான் பான் எடுக்காமல் விட்டிருந்தது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. பேங்கிலும் பெயரை மாற்றிவிட்டேன். பி.எஃப். எண் போடும்போது ஆதார் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போதைய வேலை குன்னூரில். தேயிலை வியாபாரம் செய்யும் சின்ன ஆபீஸ். வியாழன், வெள்ளி ஏலம் முடிந்தால் பில் வேலை குவியும். கல்லூரித் தோழி சொல்லித்தான் போனேன். இங்கும் அதே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ்?" இந்தத் தடவை கையில் ஒன்று கொண்டு போயிருந்தேன். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை நான்கு வருடமாக நான்தான் எழுதுகிறேன். சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம். அந்த நோட்டின் ஆறு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ரெஸ்யூமோடு வைத்தேன். முதலாளி ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வட்டிக் கலத்தை விரலால் கூட்டிப் பார்த்தார். அப்புறம் அவர்கள் கேஷ் புக்கைக் கொடுத்து, "இது 900 ரூபாய் இடிக்குது, எங்கேன்னு பாரும்மா" என்றார். 1,450ஐ 2,350 என்று எடுத்து எழுதியிருந்த இடம் இருபது நிமிடத்தில் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

குழுக் கணக்கோ, மாமா கடைக் கணக்கோ, சீசனில் லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்ததோ, எதுவாக இருந்தாலும் ரெஸ்யூமில் எழுதுங்கள். சம்பளம் வாங்காமல் செய்தது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். முடிந்தால் தாளாகக் காட்டுங்கள். ஊட்டி முகாமில் இதை நான் சொல்லவே இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், தயார் செய்வார்கள். அதில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும்தான் மார்க்‌ஷீட்டில் வரும். அந்த நேரத்திலேயே ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பள்ளியில் அப்போது திருத்துவது சுலபம்.

எங்கள் லைனில் இந்த வருடம் நான்கு பிள்ளைகள் பத்தாவது எழுதுகிறார்கள். பொங்கலுக்குப் போனபோது நாலு பேர் ஆதாரையும் வாங்கிப் பார்த்தேன். மூன்று சரியாக இருக்கிறது. ஒரு பையனுக்கு அப்பா பெயரை அவன் பெயராகப் போட்டிருக்கிறார்கள். அவன் அம்மாவுக்குக் கொழுந்து அதிகம் இருக்கும் நேரத்தில் லீவு கிடைக்காது. திங்கட்கிழமை நான் லீவு சொல்லியிருக்கிறேன். ஞாயிறு இரவே அவனைக் கூட்டிக்கொண்டு மையம் இருக்கும் ஊரில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன், டோக்கன் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும்.