லம்போர்கினியும் வேடிக்கை பார்க்கும் ஊரும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஏறி மகாபலிபுரம் பக்கம் போனால், விலை உயர்ந்த கார் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. காரைப் பார்ப்பதைவிட, சாலையோர டீக்கடையில் நிற்பவர்கள் எந்தக் காருக்குத் தலையைத் திருப்புகிறார்கள் என்று பார்ப்பது சுவாரசியம்.

சாம்பல் நிற போர்ஷே 911 போனால் பாதிப் பேர் டீயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். அதில் பாதி விலைகூட இல்லாத மஞ்சள் மஸ்டாங் உறுமிக்கொண்டு வந்தால் மாஸ்டரே வெளியே வந்து நிற்பார். இன்னும் வேடிக்கை பிஎம்டபிள்யூ ஐ8. அதன் பெட்ரோல் இன்ஜின் 1.5 லிட்டர், மூன்றே சிலிண்டர். ஆனால் கதவு மேலே தூக்கும். கதவு தூக்கிவிட்டால் நம் ஊரில் அது லம்போர்கினிதான், என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் சரி. கூட்டத்தை இழுப்பது முதலில் சத்தம், அடுத்து நிறம், அப்புறம் தரையோடு தரையாக இருக்கும் உயரம், கதவு. விலை கடைசி. விலையைக் கேட்பார்கள், ஆனால் விலைக்காகத் திரும்பியவர்கள் இல்லை.

இப்படிப்பட்ட காரை வாங்குகிறவர்கள் முதலில் பயப்படுவது பொறாமைக்கு. எவனாவது சாவியால் கீறிவிடுவான், கண்ணு பட்டுவிடும் என்று. கீறுகிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காருக்கும் அதைச் சுற்றி வருகிறவர்களின் கை காலுக்கும் வரும் சேதத்தில் பெரும்பகுதி, காரைப் பிடித்துப்போய் நெருங்கி வருகிறவர்களால் வருவது. இதைப் புரிந்துகொண்டால் ஓட்டும் விதமே மாறிவிடும்.

சிக்னலில் தொடங்குவோம். 1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் டூப், கிராஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் காரை நகர்த்தாமல் நின்று, பின்னால் இருப்பவர் எப்போது ஹாரன் அடிக்கிறார் என்று 12 விநாடி பார்த்தார்கள். முன்னால் நிற்பது பழைய கார் என்றால் 84 சதவீதம் பேர் அடித்தார்கள். பளபளக்கும் கருப்பு கிரைஸ்லர் இம்பீரியல் சொகுசு கார் என்றால் 50 சதவீதம்தான். பழைய காரை நின்ற இடத்திலேயே பம்பரால் முட்டியவர்களும் இரண்டு பேர் உண்டு.

சென்னையில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே பச்சை விழுவதற்கு மூன்று விநாடி முன்பே ஹாரன் தொடங்கிவிடும், முன்னால் நிற்பது எதுவானாலும். மாநகரப் பேருந்து ஓட்டுநருக்கு லம்போர்கினியும் ஒன்றுதான், லோடு ஆட்டோவும் ஒன்றுதான். மரியாதை தெரிவது ஹாரனில் அல்ல, இடைவெளியில். விரல் நுழையும் சந்தில் வண்டியை நுழைக்கும் ஷேர் ஆட்டோக்காரர் இந்தக் காரிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்பார். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இரு சக்கர வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீடு, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய்தான் தரும். மற்ற வாகனங்களுக்கு 7.5 லட்சம். லம்போர்கினி ஹூராகானின் முன்விளக்கு ஒன்றுக்கே அந்த 1 லட்சம் காணாது. ஆகவே தெருவில் யாராவது உரசிவிட்டால் அவரிடம் வசூலிக்கலாம் என்று இறங்கி நிற்பதில் பயனில்லை. கூட்டம் எப்படியும் அவர் பக்கம்தான் பேசும். படம் எடுத்துக்கொண்டு, உங்கள் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவில் க்ளெய்ம் போடுவதுதான் வழி. தேய்மானக் கழிவு பிடிக்காத பாலிசி இல்லாமல் இந்தக் காரைத் தெருவில் இறக்குவது மடத்தனம்.

ஆட்டோக்காரர் தள்ளி நிற்பார், சரி. பைக் பையன்கள் நிற்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து இவர்களிடம்தான் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவன் வீடியோ எடுத்தால் பரவாயில்லை. தனியாக வருகிறவன் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஓட்டுவான். கிளட்சில் கை இல்லை, கண் திரையில் இருக்கிறது, அவன் நிற்பதோ உங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். இன்ஜின் நடுவில் இருக்கும் காரில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கிடையாது, தகடுதான். ஹூராகானின் அகலம் 1.92 மீட்டர், உயரம் 1.17 மீட்டர்கூட இல்லை. பைக்கின் ஹேண்டில்பாரே உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பக்கக் கண்ணாடிகளை நன்றாக வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் காரின் பக்கவாட்டு மயிரிழை அளவுக்குத் தெரிந்தால் போதும். பலரும் தங்கள் காரின் அழகையே கண்ணாடியில் பாதி பார்த்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு, துரத்துகிறவனைக் கழற்றிவிட ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். 610 குதிரைத்திறன் காரை அவன் பிடிக்கப் போவதில்லை, ஆனால் பிடிக்க முயல்வான். சீராக 50-லேயே போய், முந்துவதற்கு இடம் விடுங்கள். இருபது விநாடி எடுப்பான், கட்டைவிரலைக் காட்டுவான், போய்விடுவான். பதிலுக்கு நீங்களும் கட்டைவிரலைக் காட்டினால் சீக்கிரம் போவான். கவனிக்காத மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சீண்டிப் பார்ப்பான்.

இதோடு வேகத்தடையும் சேர்ந்தால்தான் விபத்து. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டத் தக்கது. ஹூராகானின் இரு அச்சுகளுக்கும் இடையே 2.62 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த வளைவின் மேல் ஏறும்போது காரின் வயிற்றுக்கு அடியில் 5 செ.மீ. இடம் இருந்தால் போதும். காருக்கு 12 செ.மீ. சொச்சம் இருக்கிறது. விதிப்படி போட்ட வேகத்தடை இந்தக் காரின் வயிற்றை இடிக்காது. இடிப்பது, ஊர்க்காரர்கள் ஒரு விபத்து நடந்த மறுநாள் கொட்டும் ஒரு மீட்டர் அகல மேடு. அதில் முன்சக்கரம் இறங்கியதும் வயிறு உட்கார்ந்துவிடும்.

மற்ற கார்கள் இருபதில் தாண்டும் அந்த மேட்டில் நீங்கள் மூன்றுக்கு வர வேண்டும். பின்னால் வருகிறவன் அதை எதிர்பார்க்கவே மாட்டான். உங்கள் காரோ 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முப்பது மீட்டர் சொச்சத்தில் நிற்கக்கூடியது. ஒரு கையில் போன் வைத்திருக்கும் பைக்குக்கு அந்த வாய்ப்பே இல்லை. நேராக உங்கள் பின்பம்பர்தான். ஆகவே மேடு தெரிந்ததும் நூறு மீட்டருக்கு முன்பே பிரேக் பெடலை லேசாக மூன்று முறை தொட்டு விளக்கைக் காட்டுங்கள். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி இருந்தால் அப்போதே பட்டனை அழுத்துங்கள். ஏற நாலைந்து விநாடி ஆகும், சுமார் 4 செ.மீ. தூக்கும். மேட்டின் தலையில் வந்து அழுத்துவதில் புண்ணியமில்லை. தாண்டிய பிறகு குறிப்பிட்ட வேகத்தில் தானாக இறங்கிவிடும். அடுத்த மேட்டுக்கு மறுபடி அழுத்த வேண்டும், இது பலருக்கு மறந்துபோகும்.

அப்படியும் போகாது என்றால் கோணலாக ஏற வேண்டும், ஒரு சக்கரம் முதலில், மற்றது பிறகு. இரண்டு பக்கச் சாலையும் அடைபடும். அந்த நேரத்தில்தான் ஊரின் நல்ல குணம் வெளியே வரும். பெட்டிக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து எதிர்ப்பக்க வண்டியை நிறுத்துவார். இன்னொருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையோடு குனிந்து, “வா வா வா… லெஃப்ட் ஒடி… ஸ்டாப் ஸ்டாப்” என்று வழி சொல்வார். அவரை நம்பலாம். உங்கள் கேமராவைவிட அவர் கண் சரியாகச் சொல்லும். தாண்டியதும் கண்ணாடியை இறக்கி ஒரு ‘தேங்க்ஸ்ணா’ சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த வாரமும் அதே மேட்டுக்குத்தான் வர வேண்டும்.

பங்க்கில் வேறு மாதிரி. இந்தக் கார்களுக்கு ஊற்றும் உயர்ரக 95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைக்காது, எனவே போகிற பங்க் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். அங்கே இருப்பவர்களுக்கு உங்களைத் தெரிந்துவிடும். புதிய இடமாக இருந்தால் நீங்கள் இறங்கி நில்லுங்கள். மூடியைத் தேடி ஊழியர் தட்டித் தட்டிப் பார்ப்பார். மஸ்டாங்கில் திருகும் மூடியே கிடையாது, முனையைக் கடைசி வரை உள்ளே தள்ளினால்தான் வாய் திறக்கும். பாதியில் நிறுத்தினால் பெட்ரோல் வெளியே தெறித்துப் பெயின்ட்டில் வழியும். காய்ந்த துணியோடு கண்ணாடி துடைக்க வரும் பையனுக்குப் பத்து ரூபாய் கொடுத்து, துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கப்படும் கேள்விகள் நான்குதான்: “எவ்ளோ சார் விலை?”, “மைலேஜ் என்ன குடுக்கும்?”, “எவ்ளோ ஸ்பீடு போகும்?”, “ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்காதா?” மைலேஜுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்குள் லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் என்றதும் ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் நண்பர் மாதிரி பேசுவார். விலைக்கு ‘லோன்ல ஓடுது’ என்பது எல்லோரும் ஏற்கும் பதில். ஐந்தாவதாக ஒரு வேண்டுகோள் வரும்: “அண்ணா, ஒரு தடவ முறுக்குங்க.” பங்க்கில் கூடவே கூடாது. வெளியிலும், இன்ஜின் ஆயில் சூடாகாமல் முறுக்கினால் தேய்மானம் உங்களுக்குத்தான். ஆனால் கூட்டம் கேட்டதால்தான் முறுக்கினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கையில்லை. 2009-ல் மான்ட்ரியலில் செய்த ஆய்வொன்றில், இளைஞர்களை போர்ஷேயும் பழைய டொயோட்டா கேம்ரியும் ஓட்டவைத்து எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அளந்தார்கள். போர்ஷே ஓட்டியபோது ஏறியது, பார்க்க ஆளிருக்கும் நகர வீதியிலும் ஏறியது, பார்க்க ஆளில்லாத நெடுஞ்சாலையிலும் ஏறியது. அந்த உற்சாகத்தில் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. முறுக்கியே ஆக வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது.

பார்வையிலிருந்து தப்பிக்கக் கருப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. தவிர, இந்தக் காரில் கருப்பு ஃபிலிம் ஒட்டினால் உள்ளே நடிகர் இருக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் இரட்டிப்பாகும்.

நிறுத்தும் இடத்தில் மெல்லிய சேதங்கள். ஈசிஆர் பக்கம் கார்மேல் படியும் தூசி வெறும் தூசி அல்ல, கடல் மணல். அதில் ஆசையாக விரலால் பெயர் எழுதினால் மணல் துகள் மேல்பூச்சை அரைக்கும். அந்த மேல்பூச்சு 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கழுவிய பிறகும் வெயிலில் அந்தப் பெயர் தெரியும். சாய்ந்து நின்று படம் எடுப்பவரின் பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பித்தளைக் குமிழ், தொங்கும் பைக் சாவி மூன்றும் அடுத்த எதிரிகள். 200 மைக்ரான் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் இவற்றை வாங்கிக்கொள்ளும், சிறு கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். வேண்டுமென்றே அழுத்திப் போட்ட சாவிக் கீறலுக்கு ஃபிலிம் தாங்காது. நட்சத்திர ஹோட்டலில் காரை வாங்கி நிறுத்தும் வேலே ஊழியர் உங்களைக் கேட்காமலே வாசலில் நிறுத்துவார், அது ஹோட்டலுக்கு விளம்பரம். தூணை ஒட்டிய மூலை வேண்டும் என்று சாவி கொடுக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

அணைத்து நிறுத்திய பிறகும் பின்னால் இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் கட்டாயம் வந்து, “சார், வண்டி ஆஃப் ஆகல” என்பார். நல்ல மனசோடு சொல்வது. இன்ஜின் மூடியில் கை வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சுடும்.

ஓட்டுவது பெண் என்றால் நான்கு கேள்விக்கும் முன்னால் இன்னொன்று வரும்: “யார் வண்டிம்மா?” சாதாரணச் சட்டை போட்ட ஆணிடம் “ஓனர் எங்கண்ணா?” என்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

ஆயுத பூஜை வந்தால் வாட்ச்மேன் உரிமையோடு சந்தனமும் குங்குமமும் எடுத்து வருவார். பளபளப்புப் பெயின்ட் என்றால் அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மேட் பெயின்ட்டில் மஞ்சளும் குங்குமமும் ஊறிவிட்டால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொன்னால் அவருக்கும் மனக்குறை இல்லை. எலுமிச்சையை 305 மி.மீ. அகல டயர் சத்தமில்லாமல் நசுக்கிவிடும். மிளகாய்-எலுமிச்சைச் சரத்தை முன்னால் கட்டாதீர்கள், தரையில் உரசும்.

குழந்தைகள் உள்ளே உட்காரக் கேட்டால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், கதவு விளிம்பில் மிதித்துத்தான் ஏறுவார்கள். இன்ஜினை அணைத்து, கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா என்று பார்த்து, கதவை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். ஹூராகானில் ஸ்டார்ட் பட்டன்மேல் சிவப்பு மூடி ஒன்று இருக்கும், முதல் விரல் அங்கேதான் போகும். பிரேக்கை மிதிக்காமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, கால் எட்டாது, பயமில்லை. இரண்டாவது விரல் ஹாரனுக்குப் போகும். அடிக்கட்டும்.