நாலாயிரத்துச் சொச்சம்

மார்ச் 3

அண்ணனின் மாடல் ரயில் இஞ்சின் இனி என் மேசையில். பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகும்முன் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "பாய்லரைப் பிடிச்சுத் தூக்காதடா." வேறு எதைப் பிடித்துத் தூக்குவது என்று சொல்லவில்லை.

மார்ச் 4

அளந்து பார்த்தேன். பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு 1 மீட்டர் 26 சென்டிமீட்டர். அசல், பிக் பாய் என்ற அமெரிக்க நீராவி இஞ்சின், நாற்பதரை மீட்டர். 32-இல் ஒரு பங்கு, சரிதான். பெரிய சக்கரங்கள் பதினாறு, ஒவ்வொன்றும் 54 மில்லிமீட்டர். இரண்டு தடவை எண்ணினேன். எண்ணுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

மார்ச் 6

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 7

இடது வளைவில் முன்பகுதி தடம் இறங்கிவிடுகிறது. வலது வளைவில் ஒரு குறையும் இல்லை. ஏழு முறை ஓட்டினேன், ஏழு முறையும் அதே இடம்.

ஒரே பாய்லருக்கு அடியில் இரண்டு இஞ்சின், தனித்தனிச் சிலிண்டரும் சக்கரங்களுமாக. பின்னது பாய்லரோடு அசையாமல் பூட்டியது. முன்னதைப் பிடித்திருப்பது ஒரு கீல் மட்டும். பாய்லரின் மூக்கு அதன்மேல் சும்மா உட்கார்ந்து பக்கவாட்டில் வழுக்குகிறது. வளைவில் முன் சக்கரங்கள் தண்டவாளத்தோடு திரும்ப, பாய்லர் மட்டும் நேரே போகப் பார்த்து வெளியே துருத்தும். முதலில் பார்ப்பவர்கள் உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள். மாலே என்ற சுவிஸ்காரர் 1884-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. ஆனால் இதை மாலே இஞ்சின் என்றால் அண்ணனுக்குப் பொறுக்காது. மாலே பின் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை முன் சிலிண்டருக்கு அனுப்பினார். இதில் நாலு சிலிண்டருக்கும் புது நீராவி. இதை அவன் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

கீலைக் கழற்றித் துடைத்தேன். மறுபடியும் அதே இடத்தில் இறங்கியது. ஸ்பிரிங்காக இருக்குமோ?

மார்ச் 8

கேபின் பக்கவாட்டில் நம்பர் இல்லை. இரண்டு வருஷமாக வெறுமையாகவே விட்டிருக்கிறான். ஒட்டும் தாளில் 4000 முதல் 4024 வரை எது வேண்டுமானாலும் போடலாம். 1941-இல் இருபது, 1944-இல் ஐந்து, அவ்வளவுதான் செய்தார்கள். அமெரிக்காவில், இதைச் செய்த ஸ்கெனெக்டடி ஊர்த் தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி முகப்பில் சாக்பீஸால் 'பிக் பாய்' என்று எழுத, அதுவே பெயராகிவிட்டது. எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அண்ணனிடம் கேட்டேன். தூங்குவதுபோல இருந்தான்.

மார்ச் 9

காரணம் ஸ்பிரிங் இல்லை.

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன்! இடப்பக்கச் சிலிண்டருக்குக் கீழே தண்ணீர் வடியும் மெல்லிய குழாய். இடது வளைவில் முன்னால் போகும் சின்ன முன்னோடிச் சக்கரம் போய் அதில் உரசுகிறது. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் பொறி பறப்பது தெரிகிறது. இத்தனை நாள் பெரிய இடங்களிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

குழாயை எடுத்து வளைத்து மறுபடி பற்றவைக்கும்போது பக்கத்திலிருந்த படிக்கட்டு சூட்டில் கழன்று விழுந்தது. பக்கத்து இணைப்பில் ஈரப் பஞ்சு சுற்ற வேண்டும் என்பது படிக்கட்டு விழுந்த பிறகு ஞாபகம் வந்தது. ஸ்குரூடிரைவரைத் தூக்கி எறிந்தேன். இஞ்சின்மேல் இல்லை, சுவரில்.

மார்ச் 11

பெயின்ட் அடித்தால் என்ன? அசல் கறுப்புதானே. அவன் இருந்தால் அடிக்க விடமாட்டான். 'இருந்தால்' என்று எழுதிவிட்டேன். வீட்டில் இருந்தால் என்று அர்த்தம்.

மார்ச் 12

ரிசல்ட் வந்தது. இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 13

இடது வளைவில் இருபது சுற்று. இறங்கவில்லை.

மார்ச் 14

அவனே பேச்சை எடுத்தான். "4014 போட்டுடாதே, எல்லாரும் அதைத்தான் போடுறாங்க." 2019-இல் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து எல்லாருக்கும் அந்த ஒன்றைத்தான் தெரியும் என்றான். "4005 போடு."

வீட்டுக்கு வந்து படித்தேன். 1946-இல் அதை எண்ணெயில் எரிய மாற்றிப் பார்த்து, ஒத்துவராமல் 1948-இல் நிலக்கரிக்கே திரும்பினார்கள். 1953-இல் வயோமிங்கில் தடம் புரண்டு கவிழ்ந்தது. இஞ்சினில் இருந்தவர்கள் இறந்தார்கள். பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். இப்போது டென்வரில் மியூசியத்தில் இருக்கிறது.

இந்த நம்பர்தான் கிடைத்ததா அவனுக்கு? போனில் கேட்டேன், கொஞ்சம் கத்தியே. "திரும்பி வந்து ஓடுச்சில்ல" என்றான். அப்புறம் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

மார்ச் 16

வலப்பக்கம் 4005 ஒட்டியாயிற்று. இடப்பக்கத்து 5 மடங்கிக் கிழிந்துவிட்டது. தாளில் இன்னொரு 5 இருக்கிறது. கை நடுக்கம் நிற்கட்டும், காலையில்